நாலு போல்ட்டு, நாலு கித்தா

பழைய சடக்கில் பேராக் – 7

செம்மோரைத் தாண்டியதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் யாரோ மேசையை விரலால் தட்டுவது போல டொக், டொக் என்று. வேகம் 60-ல் இருந்தால் ஒன்றுமில்லை. 80-ஐத் தொட்டால் வரும். 90-ல் தட்டல் நின்றுவிடும். ஆனால் கைப்பிடி இலேசாக ஆடும். சத்தத்தைவிட அந்த ஆட்டம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சென்ற வாரம் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடைகளின் முன்னால் உங்களை விட்டுவிட்டு வந்தேன். அங்கே வாங்கிய முறுக்கும் கடலையும் மூன்று கிலோ. அதுவும் பின்பெட்டிக்குள்தான் போனது. ஏற்கெனவே கூடாரம், மழைச்சட்டை, ஸ்பானர் பை, தண்ணீர், ஆறு புத்தகங்கள் உள்ளே இருந்தன. 46 லிட்டர் பெட்டி. மூடி பூட்டிக்கொண்டதால் எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டேன்.

சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறை. தகரக் கூரை, வாசலில் இரண்டு கப்சாய், உள்ளே அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் அம்மாவுடன் பால்வெட்டுக்குப் போனவர். என் மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் கை வைத்து இடமும் வலமுமாக அசைத்தார். பெட்டியோடு சேர்ந்து கேரியரும் அசைந்தது.

“பொட்டிய கழட்டு தம்பி.”

சாவியைத் திருகி, பொத்தானை அமுக்கி, பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். “கழட்டியாச்சு அண்ணே.”

“இது கழட்டுறது இல்ல. தூக்குறது. அடியில இருக்கு பாரு, அந்தத் தட்டு, அதக் கழட்டணும்.”

நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் நின்றுவிடுகிறோம். சாவி போட்டால் பெட்டி வரும், அமுக்கினால் உட்காரும். அதைத் தாங்கும் தட்டையும், தட்டைக் கேரியரில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. கோல்ட்விங் போன்ற பெரிய டூரிங் மோட்டார்களில் பெட்டி வண்டியோடு சேர்ந்தே வருகிறது. பிரேக் விளக்கு, ஒலிபெருக்கி, ஏரியல் என்று கம்பிகளும் அதனுள் ஓடுவதால் அங்கே வேலை இன்னும் கூடுதல். என்னுடையது 650 சிசி. பெட்டியில் ஒரு பிரேக் விளக்கு மட்டும். சீட்டைத் தூக்கி அதன் கனெக்டரை முதலில் பிரித்தார். கம்பி மாட்டியிருக்கும்போதே தட்டை இழுத்துக் கம்பியை அறுத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு என்றார்.

தட்டைத் தொடுமுன் பெட்டியை நிறுத்தார். ஒரு காலத்தில் கட்டிப்பால் நிறுத்த கொக்கித் தராசு ஒன்று உத்திரத்தில் தொங்கியது. பெட்டியின் கைப்பிடியை அதில் மாட்டினார். முள் 21-ல் நின்றது. வெறும் பெட்டி ஐந்து கிலோ, உள்ளே பதினாறு. மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டை நான் முதல்முறையாக அப்போதுதான் படித்தேன்: அதிகபட்சம் 10 கிலோ, 120 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றிலும் ஏறத்தாழ இதே எச்சரிக்கைதான் இருக்கிறது.

ஆறு கிலோ கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பின்பெட்டி பின்சக்கர அச்சுக்கு மேலே உட்காருவதில்லை, அச்சைத் தாண்டி வெளியே நிற்கிறது. அச்சிலிருந்து பெட்டியின் நடு வரைக்கும் என் மோட்டாரில் சுமார் 35 சென்டிமீட்டர். இரண்டு சக்கரங்களின் நடுவே 140. ஏற்றக்கட்டை போல, பின்னால் அமுங்கினால் முன்னால் எழும்பும். கணக்குப் போட்டால் அந்த 21 கிலோ முன்சக்கரத்திலிருந்து ஐந்து கிலோவுக்கு மேல் பாரத்தைத் தூக்கிவிடுகிறது. பாரம் குறைந்த முன்சக்கரம் சாலையை இறுகப் பிடிக்காது. போதாததற்குப் பெட்டி உயரத்தில் இருக்கிறது; காற்றும் அதைத் தள்ளும். வேகம் கூடக் கூட வண்டியே பாம்பு போல நெளியத் தொடங்கும். 90-ல் என் கையில் உணர்ந்தது அதன் ஆரம்பம்.

அவர் கணக்குப் போடவில்லை. தோட்டத்தைச் சொன்னார். காண்டாக் கம்பில் தோளுக்கு இரண்டு வாளி தொங்க நடந்த காலம் போய், சைக்கிள் வந்து, பிறகு கப்சாய் வந்தபோது, பால் டின்களைப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் தாழ்வாகத்தான் கட்டினார்கள். “மேல வச்சா பால் தளும்பும் தம்பி. ஒரு பக்கம் கூடுனா வண்டி இழுக்கும். கீழ கட்டு, ரெண்டு பக்கமும் ஒண்ணா கட்டு. எங்க அப்பா படிக்காதவரு, அவருக்குத் தெரியும்.” ரொட்டிக்காரர் மட்டும் மலைபோல உயரக் கட்டிக்கொண்டு வருவாரே என்றேன். “ரொட்டி என்ன கனம்?” என்றார். இத்தனை வருடம் அந்தக் கூண்டைப் பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை.

பிறகு போல்ட்டுகள். முதலாவது ஸ்பானருக்கு இறுக்கமாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது தளர்வாக. நான்காவதை விரலாலேயே திருகி எடுத்தார். அதன் அடியிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து காசு அளவு, நசுங்கி, ஓரத்தில் வெடித்து, தொட்டால் பிசுபிசுத்தது. கேரியருக்கும் தட்டுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க வைத்த கித்தா புஷ் அது.

“உள்ள இரும்புக் குழாய் இருந்திருக்கணுமே, எங்க?”

இல்லை. நான்கிலுமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வேறு ஓர் ஊரில் ஒரு கடையில் தட்டை மாற்றிப் போட்டார்கள். அப்போது விட்டுப்போயிருக்கிறது. சின்னச் சாமான்தான், சுண்டுவிரல் நகம் அளவு. ஆனால் மொத்த வேலையும் அதன் மேல்தான் நிற்கிறது. போல்ட்டு கித்தாவின் நடுவே நேராகப் போனால், எவ்வளவு இறுக்கினாலும் கித்தா நசுங்கிக்கொண்டே போகும்; நாளடைவில் அது மெலிய மெலிய போல்ட்டின் பிடி தளரும். குழாய் இருந்தால் போல்ட்டு இரும்பின் மேல் இறுகி நிற்கும். கித்தா அளவோடு அமுங்கி, தன் வேலையான அதிர்வு தாங்குவதைச் செய்யும். போதாக்குறைக்கு அந்தக் கடையில் துருவுக்கு எண்ணெய் பீய்ச்சியிருக்கிறார்கள். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. ஊறி, உப்பி, பலம் போய்விடும்.

அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சற்று நேரம் பேசவில்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கோலகங்சார். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ரிட்லி, பின்னர் மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நம் ஆட்கள் கங்காணியோடு கப்பலேறி, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிறை பிரித்து, மங்கு மங்காகப் பால் சேர்த்தார்கள். ஆடாமல் அசையாமல் ஒரு பெட்டி உட்கார உதவும் இந்த வளையத்தின் பின்னால் அவ்வளவு கை உழைப்பு இருக்கிறது.

“சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா” என்றார். பெட்டியும் தட்டும் இல்லாமல். ஆட்டம் போனால் குற்றம் பின்னால். போகாவிட்டால் டயரோ சக்கரத்து பேரிங்கோ. பழுது பார்ப்பதில் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியாது. பெருஞ்சாலையில் 90-ல் போனேன். கைப்பிடி கல் போல நின்றது.

திரும்பும்போது அவர் பிறந்த தோட்டத்துச் சடக்கு வழியாக வந்தேன். இருபுறமும் செம்பனை, ஒரு கித்தா மரம்கூட இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு முருங்கையும் கிணற்றுச் சுவரும். மாரியம்மன் கோவில் மட்டும் சுண்ணாம்பு பூசி நிற்கிறது. ஆடிக்கு எல்லோரும் வருவார்களாம். தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளரிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960-ல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சில தோட்டங்கள் அதனால் தப்பின. பல தப்பவில்லை. அங்கிருந்து கிளம்பியவர்களின் பிள்ளைகள்தான் இன்று அடுக்குமாடியிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகிறார்கள்.

பட்டறைக்கு வந்தபோது அவர் புஷ் செய்துகொண்டிருந்தார். தடித்த கித்தாப் பாயில் வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, நான்கு. இரும்புக் குழாயை ரம்பத்தால் அறுத்து, ஓரம் தேய்த்து, நான்கு. கித்தா 12 மில்லிமீட்டர், குழாய் 11. அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கித்தா அமுங்க வேண்டிய அளவு. அளவுகோலை என் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்.

மாட்டும்போது அவசரமே இல்லை. நான்கு போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றினார். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு கோணிக்கொள்ளும், நான்காவது துளை நேருக்கு வராது. பிறகு குறுக்குக் குறுக்காக, இரண்டு சுற்றில். கடைசியில் டார்க் ஸ்பானர்: அந்த 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு என் கையேட்டில் சொன்ன அளவு, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட இல்லை. உள்ளே நைலான் வளையம் உள்ள பழைய நட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவை போட்டிருந்தார். ஒருமுறை கழற்றினால் அந்த வளையம் முன்போல் பிடிக்காது. பிறகு மேசை டிராயரிலிருந்து பேத்தியின் நகப்பூச்சை எடுத்தார். சிவப்பு. ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் தட்டு வரை ஒரு கோடு.

“கோடு நேரா இருந்தா நட்டு நகரல. ஒடஞ்சிருந்தா நிறுத்திடு.”

கனெக்டரைப் பூட்டி, பிரேக்கை மிதித்து விளக்கு எரிகிறதா பார்த்தோம். புத்தகங்களும் ஸ்பானர் பையும் தண்ணீரும் பக்கப் பைகளுக்கு இறங்கின, இரண்டு பக்கமும் ஒரே கனமாக. பெட்டியில் மழைச்சட்டை, கூடாரம், கச்சாங் பூத்தே. தராசில் மறுபடி மாட்டினோம்: பெட்டியோடு சேர்த்து 13.

கூலி 40 வெள்ளி கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. ஒரு பொட்டலம் முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. தீபாவளிக்கு, தைப்பூசத்துக்கு என்று பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு கிளம்பும் முன், பெட்டியைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் தட்டைக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டு, புஷ், உள்ளே குழாய். அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே, 1877-ன் கன்றுகளில் மிஞ்சியது என்று சொல்லப்படும் அந்த மரத்தின் எதிரில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். நான்கு கோடுகளும் நேராக இருந்தன.

(பயணம் தொடரும்)