மலை இரண்டாகத் தெரிந்தால்

ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலம் போகிற ஒருவருக்கு அண்ணாமலை இரண்டாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காலில் வலு இருக்கிறது, நடையோ தள்ளாடுகிறது. குடித்திருக்கிறார் என்பார்கள் பார்ப்பவர்கள். போன வாரம் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோனதா என்று கேட்பார் நரம்பியல் மருத்துவர். அவர் சந்தேகிப்பது மில்லர் ஃபிஷர் நோயை.

2025 தொடக்கத்தில் புனேயில் பலரைத் தாக்கிச் செய்தியான கில்லன் பாரே நோயின் அபூர்வ வகை இது. வழக்கமான கில்லன் பாரேயில் பாதம் மரத்து, தளர்ச்சி மேலேறும். இதில் முதல் அடி கண்ணுக்கு. கண்ணசைவு முடங்குவது, தள்ளாட்டம், முழங்காலில் தட்டினாலும் கால் துள்ளாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1956-இல் விவரித்தவர் கனடா மருத்துவர் சார்லஸ் மில்லர் ஃபிஷர்.

ஏன் கண்? சரியாக வேகாத கோழிக்கறி, அசுத்த நீர் வழியாகக் குடலுக்குள் போகும் கேம்பிலோபாக்டர் கிருமியின் மேலுறையில் ஒருவகைச் சர்க்கரை அமைப்பு உண்டு. நம் நரம்புகளில் உள்ள ஜி.க்யூ.1பி என்ற பொருளிலும் ஏறக்குறைய அதே அமைப்பு. கிருமியை அழிக்க உருவான எதிரணுக்கள் ஆள்மாறி நரம்பைத் தாக்குகின்றன. கண்ணை அசைக்கும் 3, 4, 6-ஆம் மூளை நரம்புகளில் அந்தப் பொருள் அதிகம். இந்த எதிரணு 1992-இல் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ரத்தத்தில் இது தென்படுகிறது.

இலக்கு மாறினால் நோயின் முகமும் மாறும். ஒரு வகையில் தொண்டை, கழுத்து, தோள் தளரும். இன்னொன்றில் முகத்தின் இரு பக்கமும் செயலிழக்கும். பிக்கர்ஸ்டாஃப் வகையில் மூளைத்தண்டு பாதிக்கப்பட்டு நினைவு மங்கும்.

கண் முடங்கினால் நம் ஊரில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தரையில் படுத்தவர் காலையில் இமை தொங்கி எழுந்தால் முதலில் நினைக்க வேண்டியது கட்டுவிரியன் கடியை. கடித்த தடமே தெரியாமல் போகலாம். விஷம் சில மணி நேரத்தில் முடக்கிவிடும். மில்லர் ஃபிஷர் முற்றச் சில நாட்கள் ஆகும்.

மில்லர் ஃபிஷர் நோயாளிகள் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். நோய் கடுமையானால் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஊசி அல்லது பிளாஸ்மா மாற்றம் தரப்படும். ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. விழுங்கும்போது புரையேறினாலோ, குரல் மூக்கால் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விட வேண்டும்.