கார்ச் சக்கரத்தில் துருவும் பூப்பும்

உலோகங்களைப் பற்றும் மாசுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. இரும்பைப் பற்றுவது துரு. செம்பையும் பித்தளையையும் பற்றுவது களிம்பு. செம்போடு களிம்பு உடனிருப்பதைக் காட்டியே சைவ சித்தாந்த ஆசிரியர்கள் ஆணவ மலத்தின் இயல்பை விளக்கினர். திருமந்திரத்திலும் அவ்வுவமை பயின்று வருகின்றது. ஆனால் அலுமினியம் 1825-ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாகத் தனித்துப் பிரித்தெடுக்கப்பெற்றது. ஆகவே அதன்மேல் படரும் வெண்பொடிக்கு நம் முன்னோர் பெயர் வைத்திருக்க இடமில்லை. பாடநூல்கள் இவை எல்லாவற்றையும் ‘அரிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. மழைநீர் மண்ணைக் கரைத்துச் செல்வதும் அரிப்பு, உடம்பில் தினவெடுப்பதும் அரிப்பு என்றிருக்க, உலோகத்தின் கேட்டுக்கும் அதனையே வழங்கினால் மாணவன் மயங்குவான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘அரிமானம்’ என்ற சொல் வழங்குகின்றது, அது நன்று. அலுமினியத்தின் வெண்பொடியை மட்டும், சுவரில் உப்புப் பூத்தது என்று சொல்லும் வழக்கைப் பின்பற்றி, நான் ‘பூப்பு’ என்றே வகுப்பில் சொல்லி வருகிறேன்.

இந்தத் துரு, பூப்பு ஆகிய இரண்டையும் ஒருசேரக் காண்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பள்ளி வாசலில் நிற்கும் எந்த ஆசிரியருடைய காரின் முன்சக்கரத்தையும் உற்று நோக்கினால் போதும். மக்கள் ‘ஸ்போர்ட் ரிம்’ என்று அழைக்கும் சக்கரம் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. அதன்மீது சாயமும், சாயத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சும் இருக்கும். அப்பூச்சின் மேல் கரிய புழுதியும், புழுதியினூடே ஊசிமுனை அளவான செம்பழுப்புப் புள்ளிகளும் காணப்படும். கழுவினால் புழுதி போய்விடும். புள்ளிகள் போவதில்லை.

அவை எங்கிருந்து வந்தன? பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் இரு கட்டைகள் இறுகப் பற்றுகின்றன. வண்டியின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் முழுவதும் உராய்வினால் வெப்பமாக மாறுகின்றது. இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் 3,12,500 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,93,000 ஜூல் தேவை. ஆகவே ஒருமுறை வண்டியை முற்றாக நிறுத்துவது, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு வெப்பமும் சில நொடிக்குள் அத்தட்டுகளில் ஏறுகின்றது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் பாதையிலும், நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய இறக்கத்திலும் பிரேக்கை விடாது மிதித்து வருபவருடைய சக்கரம் எத்துணைச் சூடேறும் என்பதை எண்ணிப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களே மிகுதியாக உழைக்கின்றன. அவையே மிகுதியாகக் கறுப்பதும் அதனால்தான்.

உராய்வில் தட்டும் கட்டையும் தேய்ந்து பொடியாகின்றன. பொடியில் பெரும்பகுதி இரும்புத் துகள். சூடாகப் பறந்து வந்து பூச்சில் அது பதிந்துவிடுகின்றது. பிறகு நம் ஊரின் ஈரக்காற்றும் மாலை மழையும் தம் வேலையைத் தொடங்குகின்றன. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகும் என்பது நாம் அறிந்ததே. பதிந்த துகளும் அவ்வாறே பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள பூச்சைப் பிளக்கின்றது. இதுவரை கேடு பூச்சுக்குத்தான். பிளவு வழியே நீர் உலோகத்தைத் தொட்டதும் கேட்டின் இரண்டாம் கட்டம் தொடங்குகின்றது.

அலுமினியம் இயல்பாகவே தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம். இரும்பின் துரு உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மேலும் மேலும் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் படலமோ ஒட்டிநின்று உள்ளிருப்பதைக் காக்கும். ஆனால் அப்படலத்துக்குப் பகை இரண்டு. அமிலத்திலும் அது கரையும், காரத்திலும் கரையும். உப்புநீர் பட்டால் ஆங்காங்கே துளைபடும். செமோர் வட்டாரத்தினருக்கு இதில் தனிக் கவலையுண்டு. கந்தான் சுண்ணாம்புமலைப் பக்கத்திலும் தாசேக்கிலும் சிமெண்டு ஆலைகள் எழுந்த ஊர் நம்முடையது. நனைந்த சிமெண்டுத் தூள் காரத்தன்மை உடையது. சக்கரத்தில் படிந்து இறுகினால், பூச்சுப் பெயர்ந்த இடத்தில் அலுமினியத்தைத் தின்னும். பூச்சின் அடியில் புழு ஊர்ந்தாற்போல வெண்கோடுகள் படர்வதைச் சில சக்கரங்களில் காணலாம். அதுவே பூப்பு. அழகு கெடுவது மட்டுமன்று. டயர் வந்து பொருந்தும் விளிம்பில் பூப்புப் படர்ந்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். வாரந்தோறும் ஒரே சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பவர், ஆணியைத் தேடுவதோடு நில்லாமல் விளிம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி, நீக்கும் முறை. நம் வீட்டுப் பெண்கள் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதும், மலாய் அன்பர்கள் கிரிஸ் கத்தியை எலுமிச்சையும் பெலிம்பிங் புளிக்காயும் கொண்டு துலக்குவதும் ஒரே இரசாயனம்தான். புளியில் டார்டாரிக் அமிலம், பெலிம்பிங் காயில் ஆக்சாலிக் அமிலம். அவை களிம்பையும் துருவையும் கரைக்கின்றன. அப்படியானால் சக்கரத்துக்கும் புளி போடலாமே என்று மாணவர் கேட்பர். கேட்கத்தான் வேண்டும். பித்தளை விளக்கை அடுத்த நிமிடமே அலசித் துடைத்து வைக்கிறோம். சக்கரத்திலோ கரைசல் பிளவுகளுக்குள் புகுந்து தங்கும், தங்கிய அமிலம் அடியிலிருக்கும் அலுமினியத்தைத் தொடும் என்பது விடை.

இரும்புத் துகளுக்கென்றே இக்காலத்தில் விற்கும் நீர்மங்களில் தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பு இருக்கின்றது. முடி திருத்தும் நிலையங்களில் மயிரைச் சுருட்டப் பயன்படுத்தும் மருந்தும் இதன் இனமே. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறவார். இது இரும்போடு சேர்ந்து ஊதா நிறக் கூட்டுப்பொருளாகிக் கரைந்து வழியும். அந்த நிறம் இரும்பு இருந்ததற்கு அடையாளமே அன்றி, அழுக்கு அனைத்தும் நீங்கியதற்குச் சான்று அன்று. பூப்புக்கு இதனால் பயன் எதுவும் இல்லை. ஊதா வழிவதைக் கண்டு மகிழ்ந்து புட்டி புட்டியாகக் காலி செய்பவர்களைக் காண்கிறேன். விளம்பரப் படம் எடுப்பவருக்கு அந்நிறம் உதவும்.

ஆனால் நான் இக்கட்டுரையை எழுதப் புகுந்தது வேறொரு பொருளைக் குறித்து எச்சரிப்பதற்காகவே. பழைய மாணவன் ஒருவன் கார் கழுவும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சிட்டையில்லாத பெரிய கலனிலிருந்து வாளியில் ஊற்றிக் கொடுத்த ‘ரிம் மருந்தை’ வெறுங்கையால் பூசியிருக்கிறான். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவில் விரல் நுனிகள் உள்ளிருந்து குத்தத் தொடங்கின. நல்லவேளை, மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் சென்றுவிட்டார்கள். அந்தக் கலனில் இருந்தது இன்னதென்று நான் அறுதியிடவில்லை. ஆயினும் சக்கரம் துலக்கும் சில கலவைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதனைப் பிறப்பிக்கும் அம்மோனியம் பைஃபுளோரைடோ சேர்க்கப்படுவதுண்டு. இரசாயன நூல் இதனை மெல்லமிலம் என்று வகைப்படுத்தும். அப்பெயரே ஆளை ஏமாற்றுவது. கந்தகத் திராவகம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம். இதுவோ நீர்த்த நிலையில் தோலை எரிக்காமலே ஊடுருவி உள்ளே சென்று, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்கின்றது. வலி தோன்றச் சில மணி நேரம் ஆகலாம். பட்ட பரப்பு மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்குக் கேடு வரும். பட்டது தெரிந்தவுடன் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, வலிக்காகக் காத்திராமல், பொருளின் பெயரோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கால்சியம் குளூக்கொனேட்டுக் களிம்பு இதற்குரிய முதல் மருந்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமிலத்தின் மேல் அச்சம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் நாம். எறும்பின் அமிலம் அது. 1671-இல் ஜான் ரே எறும்புகளை வடித்தே அதனைக் கண்டறிந்தார். தொட்டியில் நீர்விட்டுப் பெருக்கிய அமிலம் வேறு, கலனில் வந்த அமிலம் வேறு என்பது ஸ்டோரில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கார் கழுவும் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாட்டைச் சொல்வார் இல்லை. இரசாயனப் பாடத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தகும்.

பாதுகாப்பான முறை எளிது. சக்கரம் ஆறியிருக்க வேண்டும், வெயிலில் செய்யலாகாது. சூட்டில் நீர்மம் காய்ந்து கறையாகும். முதலில் நீரைப் பீய்ச்சி, பிறகு சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு புழுதியைக் கழுவுக. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. ஆகவே உலர்ந்த பொடியைத் தட்டுவதும் காற்றடித்து ஊதுவதும் என்றும் கூடாது. எஞ்சிய புள்ளிகளுக்கு, கையுறை அணிந்து, இரும்பு கரைக்கும் நீர்மத்தைத் தெளித்து, சில நிமிடத்தில் காயுமுன் அலசிவிடுக. இரும்புக் கம்பித் தூரிகையும் எஃகு நாரும் ஆகா. அவற்றின் நுண்துணுக்குகள் சக்கரத்தில் தங்கி மறுபடியும் துருவாகும். பூப்புக் கண்ட இடத்தில் துலக்குவதால் பயனில்லை. பெயர்ந்த பூச்சை நீர்த்தாள் கொண்டு தேய்த்தெடுத்து, நல்ல உலோகம் தெரிந்தபின் அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடவேண்டும். விளிம்பில் ஆழமாகக் குழிவிழுந்திருந்தாலோ கீறல் தென்பட்டாலோ அது கடைக்காரர் வேலை. கீறல் விட்ட சக்கரத்தை ஒட்டவைத்து ஓட்டுவதைவிட வேறு வாங்குவதே மேல். கழுவி முடித்தபின் மெழுகு பூசினால் அடுத்த முறை புழுதி எளிதில் கழலும். மெழுகோ எண்ணெய்ப் பசையுள்ள எதுவுமோ பிரேக் தட்டின்மேல் படலாகாது. வண்டியை எடுத்ததும் வாசலிலேயே மெதுவாக உருட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தித் தட்டுகளின் ஈரத்தைப் போக்கிய பிறகே சாலையில் ஏறவேண்டும்.