தோளில் ஏறிய படகு

ஒரு நோயாளி கேட்ட ஐந்து கிலோ படகு, தனி ஆளின் ஏரிப் பயணத்துக்கு வழி திறந்த கதை

உயரம் ஐந்தேகால் அடி. எடை சுமார் 48 கிலோ. வயது 61. காசநோயும் ஆஸ்துமாவும் கூடவே குடியிருந்தன. செருப்புத் தைப்பது தொழில். இப்படிப்பட்ட ஒருவர் 1883ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அடிராண்டாக் காட்டு ஏரிகளில் 266 மைல் தூரம் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டார். அவரைச் சுமந்த படகின் எடை பத்தரை பவுண்டு. ஐந்து கிலோ அரிசிப் பையைவிடக் குறைவு!

அவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகையின் வாசகர்களுக்கு 'நெஸ்மக்'. சிறுவயதில் தன்னோடு பழகிய அமெரிக்கப் பழங்குடி ஒருவரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டவர்.

அடிராண்டாக்கில் ஏரிகள் சரம் சரமாகக் கிடக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று எல்லா இடத்திலும் நீர்வழி கிடையாது. ஓர் ஏரி முடிந்ததும் கரையிறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அன்று அங்கே போன பணக்காரர்களுக்கு இது ஒரு சிரமமே அல்ல. கூலிக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வார்கள். துடுப்பு வலிப்பதும், 30 கிலோ எடையுள்ள படகைத் தோளில் சுமப்பதும் அவர் பாடு. சியர்ஸிடம் அதற்குப் பணமும் இல்லை, அந்தச் சுமையைத் தானே தூக்க உடம்பில் வலுவும் இல்லை. அவருக்குத் தண்ணீர் பிரச்சினையே அல்ல, தரைதான் பிரச்சினை.

கேன்டன் நகரில் படகு கட்டிவந்த ஜே. ஹென்றி ரஷ்டனை அணுகினார். 1880இல் கிடைத்த படகு 18 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது 16 பவுண்டு. அதுவும் கனமாகத் தெரிந்தது. மூன்றாவதுதான் அந்தப் பத்தரை பவுண்டுப் படகு. வெள்ளை சிடார் மரப் பலகைகளால் ஆனது. நீளம் 9 அடி, அகலம் 26 அங்குலம். இதைவிடச் சிறியதைக் கேட்க வேண்டாம், இது சலித்துப்போனால் சூப் ஊற்றும் கிண்ணமாக வைத்துக்கொள்ளலாம் என்று ரஷ்டன் கேலி செய்தாராம்.

சியர்ஸும் கேலிக்குச் சளைத்தவரல்ல. படகுக்கு 'செய்ரி கேம்ப்' என்று பெயர் வைத்தார். சார்லஸ் டிக்கன்ஸின் 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் வரும் நர்ஸ் அவள். நம்மூர் அர்த்தத்தில் 'தண்ணி' பிரியை. நிஜத் தண்ணீரைத் தொடமாட்டாள். ஒழுகாத படகுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

இத்தகைய படகில் பலகை இருக்கை கிடையாது. அடித்தளத்திலேயே காலை நீட்டி உட்கார வேண்டும். உடம்பின் பாரம் தாழ்ந்திருந்தால்தான் படகு கவிழாது. ஒரு பக்கம் மட்டுமே துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பிவிடும். இருவர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் போட்டுச் சரிக்கட்டலாம். தனி ஆளுக்கு இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பே துணை. இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் நேராக ஓடும்.

லேசுக்கு ஒரு விலையும் உண்டு. காற்றடித்தால் படகு இலைபோல அலையும். நடு ஏரியில் கவிழ்ந்தால் கைகொடுக்க ஆளில்லை. குளிர்ந்த நீர் சில நிமிடங்களில் கைகால்களை விறைக்கவைத்துவிடும். அதனால்தான் லைஃப் ஜாக்கெட் அணிவதும், கரையை ஒட்டியே செல்வதும், காற்று எழுந்தால் கரையேறிக் காத்திருப்பதும் தனிப் பயணிக்குப் பாலபாடம்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882இல்தான். மருந்து வர அதன்பின் அறுபதாண்டுக்கு மேலாயிற்று. அதுவரை நோயாளிகளுக்குத் திறந்தவெளிக் காற்றே சிகிச்சை. அடிராண்டாக்கின் சாரனாக் லேக்கில், தானும் காசநோயாளியான டாக்டர் எட்வர்ட் ட்ரூடோவின் சானடோரியத்துக்கு 1885இல் முதல் நோயாளிகள் வந்தார்கள். அதே காற்றைத் தேடி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தானே துடுப்புப் போட்டுப் போனவர் சியர்ஸ். நோய் தீரவில்லை. 1890இல், 68 வயதில் காலமானார். ஆனால் குறைந்த மூட்டையோடு காட்டில் வாழ்வது எப்படி என்று 1884இல் அவர் எழுதிய 'வுட்கிராஃப்ட்' இன்றும் படிக்கப்படுகிறது. செய்ரி கேம்ப் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சொத்தாகி, ப்ளூ மவுண்டன் லேக் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் பார்வைக்கு இருந்தது.

இன்று மரத்தின் இடத்தில் கெவ்லாரும் கார்பன் இழையும் வந்துவிட்டன. கெவ்லார் 1965இல் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக் உருவாக்கிய இழை. குண்டு துளைக்காத சட்டைகளில் இருப்பதும் இதுதான். அடிராண்டாக்கின் சிறு பட்டறைகள் இதைக்கொண்டு 15 பவுண்டுக்கும் குறைவான தனியாள் படகுகளைச் செய்கின்றன. மூட்டு வலி வந்தவர்களும் முதியவர்களும் பிறர் தயவின்றி ஏரிக்குப் போக முடிகிறது.

ஒரு முரண் மட்டும் உறுத்துகிறது. கனமான பிளாஸ்டிக் படகு மலிவு; எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. கூலி கொடுக்க வழியில்லாத செருப்புத் தொழிலாளி தன் தோளுக்காகத் தேடிய லேசு, இன்று பை கனத்தவருக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது.