கொலையை காட்டிக் கொடுத்த 'ஃபிட்பிட்': உங்கள் உடம்பு ரகசியம் யார் கையில்?

சென்னை மெரினா பக்கம் காலையில் வாக்கிங் போனால் பலரது கையில் ஸ்மார்ட் வாட்ச் மின்னுகிறது. "டாக்டர் நடக்க சொன்னார், பையன் வாங்கி கொடுத்தான். இன்னைக்கு 6 ஆயிரம் ஸ்டெப் ஆச்சு" என்று பெருமையாக சொல்பவர்கள் ஏராளம்.

எவ்வளவு நடந்தோம், இதயம் எப்படி துடிக்கிறது, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று அந்த வாட்ச் ஒன்று விடாமல் கணக்கு எழுதுகிறது. ஆனால் அந்த கணக்கு நோட்டு உங்கள் கையில் மட்டும் இல்லை. பெரும்பாலும் அதன் ஒரு நகல் எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு போய்விடுகிறது.

அந்த நோட்டை வேறு யாராவது புரட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவையே பரபரப்பாக்கிய ஒரு கொலை வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அதன் விவரம் வருமாறு:-

கணவர் சொன்ன கதை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஊர் எல்லிங்டன். 2015-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி அங்கு ஒரு வீட்டில் 39 வயது பெண் சுட்டுக் கொல்லப்பட்டு கிடந்தார். 2 குழந்தைகளுக்கு தாய்.

முகமூடி அணிந்த மர்ம ஆசாமி வீட்டுக்குள் புகுந்ததாகவும், வெளியே போய்விட்டு திரும்பிய மனைவியை அவன் சுட்டுக் கொன்று விட்டு, தன்னையும் நாற்காலியில் கட்டிப் போட்டதாகவும் கணவர் போலீசில் கூறினார்.

போலீசாருக்கு சந்தேகம் தட்டியது. அந்த பெண் தினமும் 'ஃபிட்பிட்' என்ற கருவியை அணிபவர். அதில் பதிவான தகவல்களை போலீசார் வாங்கிப் பார்த்தனர்.

கணவர் சொன்னபடி பார்த்தால் காரில் இருந்து இறங்கி வீட்டின் கீழ்தளத்துக்கு போக சுமார் 38 மீட்டர் தூரம்தான் அந்த பெண் நடந்திருக்க வேண்டும். ஆனால் வீடு திரும்பிய பிறகு அவர் சுமார் 370 மீட்டர் தூரம் நடந்ததாக கருவி காட்டியது. கணவர் சொன்ன நேரத்துக்கு பிறகும் அவர் உயிரோடு நடமாடி இருக்கிறார். கடைசி அசைவு காலை 10.05 மணிக்கு!

கணவருக்கு வேறு ஒரு பெண்ணுடன் தொடர்பு இருந்ததும், அந்த பெண் கர்ப்பமாக இருந்ததும் விசாரணையில் அம்பலமானது. 2017-ல் கணவர் கைதானார். 2022-ம் ஆண்டு மே மாதம் குற்றவாளி என தீர்ப்பாகி, ஆகஸ்டு மாதம் 65 ஆண்டு ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் நியாயம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் கொலைகாரனை காட்டிக் கொடுக்கும் அதே கருவி, ஒரு தப்பும் செய்யாத உங்களை பற்றியும் அதே அளவுக்கு தெரிந்து வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வாட்சுக்கு எப்படி தெரிகிறது?

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிவதை பார்த்திருப்பீர்கள். பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பை சொல்கிறது. கை அசைவை உணர தனியாக ஒரு கருவி உள்ளே இருக்கிறது.

இந்த தகவல் எல்லாம் புளூடூத் வழியாக செல்போனுக்கு போகிறது. அங்கிருந்து இன்டர்நெட் மூலம் கம்பெனிக்கு போகிறது.

வெறும் நாடித்துடிப்புதானே, அதுல என்ன ரகசியம் என்று கேட்கலாம். காய்ச்சல் வந்தால் துடிப்பு ஏறும். கர்ப்பமானாலும் ஏறும். தூக்கம் கெட்டால் மனக்கவலையா என்று யோசிக்கலாம். மாதவிடாய் தேதியை நீங்களே பதிவு செய்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு கூட தெரியாத விஷயம் வெளிவந்து விடும்.

வெளியே கசிந்த கதைகள்

2011-ம் ஆண்டு ஃபிட்பிட்டில் பலரது பக்கம் யாரும் பார்க்கும்படி இருந்தது. சிலர் உடற்பயிற்சி கணக்கில் தங்கள் படுக்கையறை விஷயத்தையும் எழுதி வைக்க, அது கூகுள் தேடலில் வந்து மானம் போனது. பிறகு கம்பெனி அதை சரி செய்தது.

2018 ஜனவரியில் இன்னொரு கூத்து. 'ஸ்ட்ராவா' என்ற ஆப், உலகம் முழுக்க மக்கள் ஓடும் பாதைகளை ஒரே வரைபடமாக வெளியிட்டிருந்தது. அதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் உற்று பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிந்தன. வீரர்கள் காலையில் ஓடிய ஓட்டம்தான் காரணம்!

2024-ல் பிரான்சின் 'லெ மோந்த்' பத்திரிகை, அதிபர்களின் பாதுகாவலர்கள் ஓடிய பாதையை வைத்தே அதிபர்கள் எங்கு தங்குவார்கள் என்று கண்டுபிடிக்கலாம் என எழுதியது. அதிபரின் காவலருக்கே இந்த கதி என்றால் நம்ம வீட்டு பெண் தினமும் 5 மணிக்கு எந்த தெருவில் நடக்கிறாள் என்பதை கண்டுபிடிப்பது பெரிய விஷயமா?

மாதவிடாய் கணக்கு வைக்கும் 'ஃப்ளோ' ஆப், பெண்களின் தகவலை பேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக கமிஷன் குற்றம் சாட்டியது. 2021-ல் அது சமரசத்தில் முடிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியும் வருகிறது

நடந்தால் பிரீமியத்தில் சலுகை என்று சொல்லும் இன்சூரன்ஸ் திட்டங்கள் வெளிநாட்டிலும் இருக்கின்றன, இந்தியாவிலும் இருக்கின்றன. நடப்பது நல்லதுதான். ஆனால் இன்று சலுகைக்கு காட்டும் கணக்கு, நாளை உங்களுக்கே எதிராக திரும்பாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

டாக்டரிடம் சொல்லும் ரகசியத்தை டாக்டர் காக்க வேண்டும். வாட்ச் கம்பெனி டாக்டர் அல்ல. அமெரிக்காவில் ஆஸ்பத்திரி தகவலை காக்கும் 1996-ம் ஆண்டு சட்டம், கடையில் வாங்கும் வாட்சுக்கு பொதுவாக பொருந்தாது.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகின. முக்கிய பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

இந்த சட்டப்படி, கொடுத்த சம்மதத்தை திரும்ப பெறலாம். தகவலை அழிக்க சொல்லலாம். பாதுகாப்பில் கோட்டை விடும் கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் உடல்நல தகவலுக்கு என்று இந்த சட்டத்தில் தனி பிரிவு இல்லை. போன் நம்பரும் நாடித்துடிப்பும் ஒரே தட்டில்தான்.

விசாரணைக்கு தேவை என்றால் மின்னணு பதிவுகளை கேட்டு வாங்கும் அதிகாரம் நம்ம ஊர் கோர்ட்டுக்கும் போலீசுக்கும் உண்டு.

என்ன செய்யலாம்?

வாட்சை கழற்றி வீச வேண்டியதில்லை. சில விஷயங்களில் உஷாராக இருந்தால் போதும்.

* ஆப் கேட்கும் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று தட்டாதீர்கள். ஸ்டெப் எண்ணுவதற்கு உங்கள் போனில் உள்ள நம்பர் பட்டியல் எதற்கு?

* நடக்கும் பாதை யாருக்கு தெரிகிறது என்று ஆப்பின் 'செட்டிங்ஸ்' பகுதியில் பாருங்கள். 'எல்லோருக்கும்' என்று இருந்தால் 'எனக்கு மட்டும்' என மாற்றுங்கள். வீட்டு வாசலில் இருந்தே பதிவை ஆரம்பிக்காதீர்கள்.

* ஆபீசிலோ, இன்சூரன்ஸ் கம்பெனியிலோ இலவசமாக வாட்ச் கொடுத்தால், தகவல் யாருக்கு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

* ஆப்பை போனில் இருந்து நீக்கினால் மட்டும் கம்பெனியிடம் உள்ள தகவல் அழியாது. முதலில் கணக்கை அழியுங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள்.

* பழைய வாட்சை விற்கும் முன்போ, யாருக்காவது கொடுக்கும் முன்போ அதில் உள்ளதை முழுசாக துடைத்து விடுங்கள். வாட்சோடு சேர்த்து உங்கள் உடம்பு கணக்கையும் கொடுத்து விடாதீர்கள்.