தற்செயலை நீக்குதல்: ஓர் ஆய்வு மாணவரின் ‘பின்னணி’ குறித்து

‘பின்னணி என்ன?’ என்பது மயிலாப்பூரில் ஒருபோதும் வெறும் கேள்வியாக இருந்ததில்லை. தெரு, தாத்தாவின் உத்தியோகம், சாதி எல்லாம் அதற்குள் மடிந்து கிடக்கின்றன. தரமணியில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இளைஞர் ஒருவரை அடையாறு டீக்கடையில் சந்தித்தபோது, இதையெல்லாம் விமர்சித்து எழுதுகிற நானும் அதையேதான் கேட்டேன். ‘அப்பா ராணிப்பேட்டையில தோல் ஷாப்புல வேலை சார். அத விடுங்க, கணக்கப் பத்திக் கேளுங்க’ என்றார்.

கேட்டேன். அவருடைய ஆய்வு பல்லுறுப்புக்கோவைகள் பற்றியது. ஒரு நீண்ட கோவை எப்போதும் பூஜ்யம்தானா என்று கண்டறிய வேண்டும். விரித்துப் பார்க்கலாமே என்றால், ஈருறுப்பு அடைப்புக்குறிகள் நூறைப் பெருக்கினாலே 2இன் 100ஆம் அடுக்கு அளவுக்கு உறுப்புகள் வரக்கூடும், ஆயுள் போதாது. மாறாக, ஏதோ சில எண்களைத் தற்செயலாகப் போட்டுப் பார்க்கலாம். விடை பூஜ்யம் இல்லையென்றால் கோவையும் பூஜ்யம் இல்லை, சந்தேகமே கிடையாது. பூஜ்யம் வந்தால்? ‘அநேகமா பூஜ்யம்தான் சார். ஆனா அநேகமாங்கறது நிரூபணம் இல்லயே.’ குருட்டதிர்ஷ்டத்தை நம்பாமல், வேகமும் குறையாமல் இதைச் செய்ய முடியுமா என்பது இன்றும் தீராத பிரச்சினை.

இதன் ஒரு கிளை தீர்ந்திருக்கிறது. ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகச் சோதிக்கும் நடைமுறை முறைகள் தற்செயலை நம்பியிருந்தன. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் அது தேவையில்லை என்று நிரூபித்தார்கள். பின்னிருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். அகர்வால் 1993-95இல் தி. நகரில், ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் கணிதப் பள்ளியில் இருந்தவர். சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய அப்பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கணிதக் கழகமாயிற்று. அங்கு பட்டப்படிப்பு 1998இல் தொடங்கியது. 2006இல் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைக்கும்வரை பி.எஸ்சி. பட்டத்தைப் போபாலின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழங்க வேண்டியிருந்தது.

நாம் சொல்லிப் பழகிய ராமானுஜன் கதையாடலோ ‘மேதை’யை மட்டுமே பார்க்கிறது. எஃப்.ஏ.வில் தோற்றவர், 1912இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. அங்கே நாராயண ஐயர் என்ற கணிதம் அறிந்த அதிகாரி இருந்தது தற்செயல். 1913இல் பல்கலைக்கழகம் தந்த எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அப்படியல்ல, அது ஓர் ஏற்பாடு. தரமணி நிறுவனத்துக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு: 1962இல் அது உருவாகுமுன் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் மயிலாப்பூர் வீட்டில்தான் கருத்தரங்குகள் நடத்தினார். அந்த வீட்டு வாசல் யார்யாருக்குத் திறந்திருக்கும் என்பதும் ஒரு கணக்குத்தான்.

மேதைமை எங்கும் பிறக்கலாம். ராணிப்பேட்டைப் பையன் தரமணிக்கு வந்து சேர்வதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடாமலிருப்பதற்குத்தான் நிறுவனங்கள். ஆகவே ‘பின்னணி என்ன?’ என்று இனி அவரிடம் கேட்கமாட்டேன். நிறுவனங்களிடம் கேட்போம்: உங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் யார், வராமல் போனவர்கள் யார்?