மன்னார் சதுப்பு நிலமும் நமது முதல்தான்

ஜனவரி மாதத்து ஒரு காலை நேரம். மன்னார் பஸாரில் எனது மச்சானின் கடையில் உட்கார்ந்திருந்தேன். சப்பாத்து நிறையச் சேறோடு வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் உள்ளே வந்தார்கள். தண்ணீர் போத்தல் இரண்டு வாங்கினார்கள். வெயிலுக்குத் தொப்பி கேட்டார்கள், இல்லை. ஊரின் வரைபடம் கேட்டார்கள், அதுவுமில்லை. நாளைக்கு எந்தப் பக்கம் நடக்கலாம் என்று கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு, "தண்ணிப் போத்தல் யாவாரம்தானே மச்சான்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்றதைத்தான் நாம் கணக்கில் எழுதுகிறோம். விற்காமல் விட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்ததும் நானே நடந்து பார்த்தேன்.

முதலாவது வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையில் தொடங்கி, பஸாரைத் தாண்டிப் பள்ளிமுனைப் பெருக்க மரம் வரை போகலாம். அந்த மர இனத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்கள் என்று சொல்லப்படுகிறது.

இரண்டாவது, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி வழியாகத் தள்ளாடிப் பக்கம் போவது. இரு புறமும் ஆழமற்ற நீர், உப்புத் தரை, உமரிச் செடி. இங்குள்ள வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனம் செய்யப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மாரி காலத்தில் வடக்கு நாடுகளிலிருந்து வாத்துகளும் கரையோரப் பறவைகளும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். சேற்றில் இறங்காமல் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம்.

மூன்றாவது வழி முசலிப் பக்கம், அரிப்புக் கடற்கரை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையை நம்மவர்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அதன் இடிபாடுகளைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடங்கள் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், மல்வத்து ஓயா என்கிற அருவி ஆற்றங்கரையோரமாக நடந்து 1679 இல் வந்து சேர்ந்ததும் இந்த அரிப்புக்குத்தான். அவர் வழியில் சந்தேகம் வராமலிருக்கப் போட்டுக்கொண்ட வேஷம் என்ன தெரியுமா? பொட்டணி வியாபாரி!

இதில் நமக்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். வானில் வருகிறவர் பகல் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வருகிறார். மரத்தடியில் ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். நடக்க வருகிறவர் அப்படிச் செய்ய முடியாது. மன்னார் வெயிலில் ஒன்பது மணிக்குப் பிறகு நடப்பது கஷ்டம். விடியலில் நடக்க வேண்டுமானால் முதல்நாள் இரவே ஊரில் தங்கியாக வேண்டும். தங்கினால் இராச் சாப்பாடு, காலைத் தேநீர், முச்சக்கர வண்டி, போகும்போது ஒரு பொதி கருவாடு. இந்தக் காசு பெரிய ஹோட்டலுக்கு மட்டும் போகாது, சின்னக் கடைக்கும் வரும். 2015 இல் தலைமன்னார் வரை ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்டதும் இதற்கொரு வசதி.

தேவைப்படும் முதலும் பெரிதல்ல. சுத்தமான இரண்டு அறை, துப்புரவான மலசலகூடம், கையால் வரைந்து போட்டோ பிரதி எடுத்த வரைபடம், பறவைகளின் பெயர் தெரிந்த ஓர் இளைஞன். நாலு கடைக்காரர் ஒன்று சேர்ந்தால் போதும்.

ஆனால் சொல்ல வெட்கமான ஒரு விஷயமும் இருக்கிறது. தாம்போதியோரம் நடந்துகொண்டிருந்தபோது உமரிச் செடியில் ஒரு சொப்பிங் பேக் சிக்கிக் காற்றில் படபடத்தது. குனிந்து பார்த்தேன். மச்சானின் கடைப் பெயர் அச்சடித்த பேக்! சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு. வருகிறவர்கள் பார்க்க வருவது இந்த நிலத்தை. அதில் நாமே குப்பையைச் சேர்த்துக்கொண்டு சுற்றுலாப் பயணி வரவில்லை என்று குறைப்படுவது, முதலைத் தின்றுவிட்டு இலாபத்தைத் தேடுவது போன்றது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது கடையையும் சரக்கையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் புத்தளம் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது கடைக்குக் கூரையும் இருக்கவில்லை. சதுப்பு நிலமும் பறவைகளும் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன. யாரும் கொள்ளையடிக்காத அந்த முதலை நாமே அழித்துவிடக் கூடாது.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தோம். நான் அந்த மூன்று பேக்கையும் எடுத்து வந்து மச்சானின் மேசையில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை நான் போனபோது கடையில் துணிப் பை தொங்கியது. பக்கத்தில் ஓலைத் தொப்பியும் தொங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.