ஆடுகளின் பக்கம்

உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால் ஓர் ஆட்டத்தை ஆடுவது வேறு, ஆக்குவது வேறு. ஆக்க முனைபவனுக்கே விதி என்பது எத்துணை நுட்பமானது என்று விளங்கும். சிறுவயது முதல் ஆட்டங்களை ஆடியும், கட்டம் கீறிப் புதியன அமைத்தும் வருபவன் நான். எனக்கு முதற்பாடம் சொன்னது ஆடுபுலி ஆட்டம்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடம் எங்கள் பொல்பிட்டியப் பகுதி. மழைக்குக் குறைவில்லை. மழை நாட்களில் லயத்து இஸ்தோப்பில் கரித்துண்டால் கட்டம் கீறுவோம். 15 தேயிலைக் கொட்டைகள் ஆடுகள்; 3 றப்பர் கொட்டைகள் புலிகள். எங்கள் பாட்டன்மார் தமிழகக் கிராமங்களில் ஆடியது இது. கடல் கடந்து வந்தவர்கள் பலகை எதையும் சுமந்துவர வேண்டியிருக்கவில்லை, நினைவே போதுமாயிருந்தது.

கட்டம் எளிது. உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கும். நான்கு குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டும். மேல் மூன்று குறுக்குக் கோடுகளும் இருபுறமும் சற்று நீண்டு, பக்கத்துக்கொரு கோட்டால் இணையும். மொத்தம் 23 சந்திகள். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி ஒரு சந்தி நகரலாம். அல்லது அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி, அதற்கு நேர் பின்னே வெற்றிடமிருந்தால் குதித்து அதை வெட்டலாம். புலிகள் அசைய வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். ஓர் ஆடும் வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கினால் 18 சந்திகள் நிறைந்து, ஐந்து மட்டுமே வெறுமையாயிருக்கும். ஆடுகளை 20 ஆக்கினால் 23 சந்திகளும் நிறைந்து, புலி அசையவே முடியாது. 12 ஆகக் குறைத்தால் வெற்றிடம் எட்டாகி, மந்தையெங்கும் ஓட்டை விழும். நான் பலவாறு மாற்றி ஆடிப் பார்த்தேன். பதினைந்தே சரியான அளவென்று கண்டேன்.

நேபாளத்துப் 'பாக்சால்' ஆட்டத்தில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். மிஞ்சக்கூடியது ஒரே சந்தி. அதற்கு ஈடாக, ஐந்து ஆடுகள் விழுந்தாலே புலிகளுக்கு வெற்றி. நம் நாட்டுச் சிங்களக் கிராமங்களிலும் இதன் உறவுகள் உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலில் அவற்றை விபரித்துள்ளார். அவற்றுள் ஒன்றில் ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் மடக்க வேண்டும்.

சதுரங்கத்தில் இரு படையும் சமம். இங்கோ வலிமையும் வேறு, நோக்கமும் வேறு. ஆயினும் ஆட்டம் நியாயமாகவே நடக்கிறது. ஆட்டுக்குப் பல்லோ நகமோ விதி தரவில்லை. தந்தது பின்னால் நிற்கும் இன்னோர் ஆட்டை மட்டுமே. பின்னிடம் நிரம்பியிருந்தால் புலி பாய முடியாது.

இதை லயத்துப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. மூன்று புலிகளுக்கும் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று பெயர் வைத்துத்தான் நாங்கள் ஆடினோம். ஆடுகளுக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை. அவற்றை 'நாங்க' என்றே சொல்வோம்.

நான் பிற்பாடு அமைத்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும், பலவீனமான பக்கத்துக்கு வெல்லும் வழி ஒன்று இருக்கிறதா என்பதையே முதலில் பார்த்தேன். அந்த வழி இல்லாத கட்டங்களை அழித்துவிட்டு மறுபடி கீறினேன்.